இடுப்புக் கயிற்றில் அந்த ஒரு சாண்: மரமேறும் கருவி தருவோருக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: கொங்கு வட்டாரத்தில் மரமேறும் கருவிகளை வாங்கிக் கொடுக்கும் தென்னை உற்பத்தியாளர் நிறுவனங்கள், கருவி வாடகை மையங்கள், மரமேறப் பயிற்சி நடத்துவோர்.

வணக்கமுங்க.

பொள்ளாச்சி, ஆனைமலை, உடுமலை பக்கம் காய் வெட்டப் போகிறவர்களின் பையில் இன்றைக்கு இரும்பும் அலுமினியமும் நிறைய ஏறிவிட்டன. கம்பிவடம் வைத்த ஏறுகருவி, இடுப்பிலும் தொடையிலும் மாட்டும் ஹார்னஸ் பட்டை, மரத்தைச் சுற்றி இடுப்பில் மாட்டும் இடுப்புக் கயிற்றை நீட்டிச் சுருக்கும் பிடிகருவி, இறங்குவதற்கு டிசெண்டர், சிலரிடம் பல் வைத்த ஏறுபிடி. வேர் வாடல் நோய் வந்த தென்னையை வீட்டுக்கும் மின்கம்பிக்கும் நடுவில் துண்டு துண்டாக அறுத்து இறக்குகிறவர்களிடம் இவை எல்லாமே இருக்கும். இவற்றைக் கொண்டுவந்து சேர்த்ததில் உங்கள் பங்கு பெரிது.

எங்கள் குறை கயிற்றைப் பற்றியது. கருவிக்கு எண் போடுகிறீர்கள், போல்ட் இறுக்குவதையும் கிரீஸ் வைப்பதையும் சொல்லித் தருகிறீர்கள், பதிவேட்டில் கையெழுத்து வாங்குகிறீர்கள். கூட வரும் கயிறு மட்டும் "ஒரு செட்" என்ற சொல்லுக்குள் போய்விடுகிறது. அது எப்போது வாங்கியது, எத்தனை பேர் கை மாறியது, எந்தக் கருவிக்குள் ஓடியது என்று எங்கும் எழுதியிருக்காது. திரும்பி வரும்போது கருவி பளபளவென்று இருக்கிறதா என்று பார்த்து வாங்கிக்கொள்கிறீர்கள். கருவி பளபளப்பதே கயிறு அதன்மேல் ஓடி ஓடித்தான்.

முடிச்சிலிருந்து கருவிக்கு மாறியபோது என்ன மாறியது என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம். பிரஸிக் மாதிரியான பிடிமுடிச்சில் எட்டு, பத்து மில்லிமீட்டர் தடிமனுள்ள சின்னக் கயிறு ஒன்று முக்கியக் கயிற்றை நாலைந்து சுற்றாகக் கட்டிப் பிடிக்கிறது. உராய்வு அத்தனை சுற்றுக்கும் பரவுகிறது. சூடும் தேய்மானமும் பெரும்பாலும் அந்தச் சின்னக் கயிற்றின் தலையில் விழும். அது கருகும், மொழுமொழுவென்று ஆகும், பார்த்தவுடன் தெரியும். ஒன்றரை மீட்டர் துண்டு ஒன்றைப் புதிதாகக் கட்டினால் முடிந்தது. கருவியில் இது தலைகீழ். உலோகம் எளிதில் தேயாது. கயிறு இரண்டு மூன்று சின்ன வளைவுகளில் மடிந்து, சில மில்லிமீட்டர் பரப்பில் முழு எடையையும் வாங்குகிறது. முடிச்சில் துண்டுக் கயிறு கட்டிய வரியை இப்போது 45 மீட்டர் முக்கியக் கயிறே கட்டுகிறது. கருவி வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. கையும் தோளும் மிச்சமாகின்றன, வேலை சீக்கிரம் நடக்கிறது. ஆனால் அந்த வரியை யாராவது கணக்கில் எழுத வேண்டுமே.

தென்னந்தோப்பில் இந்தத் தேய்மானம் ஒரு தனி விதமாக வருகிறது. வெளிநாட்டு மரமேறிகளின் கையேடுகளில் இது இருக்காது, ஏனென்றால் அவர்களுடைய மரங்கள் ஒன்றுபோல் ஒன்று இருப்பதில்லை. நம் தோப்பு ஒரே பட்டத்தில் நட்டது. கொண்டைக்குக் கீழே, ஆள் நின்று காய் வெட்டும் உயரத்தில், மரத்தின் தடிமன் ஏறத்தாழ ஒன்றுதான். விட்டம் 5 செ.மீ. கூடினாலும் சுற்றளவு 16 செ.மீ.தான் கூடும். ஆகவே இடுப்புக் கயிற்றில் பிடிகருவி கவ்வும் இடம் ஒரு சாணுக்குள்ளேயே திரும்பத் திரும்ப வந்து விழுகிறது. நாளுக்கு 40 மரம், மரத்துக்கு இரண்டு தடவை இறுக்கித் தளர்த்துவது என்று வைத்துக்கொள்ளுங்கள்: நாளுக்கு 80, மாதம் 20 நாள் வேலை என்றால் 1600 தடவை. மூன்று மீட்டர் கயிற்றில் மீதியெல்லாம் கடையில் வாங்கினபடி புதிதாக இருக்கும். அந்த ஒரு சாண் மட்டும் கிழவனாகியிருக்கும்.

அந்தச் சாணைக் கையில் எடுத்துப் பாருங்கள். நல்ல இடத்தில் பின்னலின் வரி விரலுக்குத் தட்டுப்படும், பாய் மாதிரி. தேய்ந்த இடத்துக்கு வந்ததும் வரி மறையும். கருவிக்குள் கயிற்றை அழுத்திப் பிடிக்கும் நாக்கான கேம் பல் வைத்தது என்றால் மேலே பஞ்சு கிளம்பி, கம்பளிப்பூச்சி மாதிரி சொரசொரப்பாக இருக்கும். வழுவழுப்பான கேம் என்றால் பஞ்சு இருக்காது. பட்டையாக, ஓர் ஓரம் மட்டும் பளபளத்து, விறைப்பாக இருக்கும். இரண்டாவது வகையைத்தான் ஆட்கள் "நல்லா இருக்குது" என்று தள்ளிவிடுகிறார்கள். பஞ்சு கிளம்பிய கயிறு கண்ணுக்குப் பயம் காட்டும், மினுங்குகிற கயிறு காட்டாது.

இதற்கு ஒரு வழி இருக்கிறது. நுனியைத் தைத்து முடித்த இடுப்புக் கயிற்றில் அந்தச் சாணை நகர்த்தவே முடியாது. முடிச்சுப் போட்டுக்கொள்ளலாம் என்று கயிற்றுக் கையேடும் கருவிக் கையேடும் அனுமதித்தால், முடிச்சுப் போடும் வகையை வாங்குங்கள். ஒரு முழம் நீளமாகவே வாங்குங்கள். மாதம் ஒருமுறை முடிச்சை அவிழ்த்து, முடிச்சுப் பக்க நுனியில் ஒரு சாணை வெட்டி, நுனியை உருக்கி, மறுபடி 8 வடிவ முடிச்சுப் போட்டால், பிடிகருவி கவ்வும் இடம் புதிய இடத்துக்கு நகர்ந்துவிடும். பிடி பட்டுத் தேய்ந்த பழைய சாண் இப்போது மரத்தைச் சுற்றும் பக்கமாகப் போகும் என்பதால், இந்த வேலையைத் தேய்மானம் லேசாக இருக்கும்போதே செய்ய வேண்டும். மினுக்கமோ பள்ளமோ வந்த பிறகு நகர்த்துவது ஏமாற்று வேலை. தைத்த வகைதான் கிடைக்கிறது என்றால் அந்தக் கயிற்றுக்கு ஆயுள் குறைவு என்று முன்னமே ஒப்புக்கொண்டு, கருவியோடு இரண்டு மாற்றுக் கயிறுகளையும் சேர்த்து வாங்கிவிடுங்கள்.

பல் வைத்த ஏறுபிடியைப் பற்றிக் கொஞ்சம் கறாராகவே சொல்ல வேண்டியிருக்கிறது. அதன் பற்கள் சாய்வாக இருக்கும். மேலே தள்ளும்போது கயிற்றின்மேல் வழுக்கிப் போகும், எடை விழுந்தால் கயிற்றின் வெளிப்பின்னலான உறைக்குள் இறங்கும். ஒவ்வொரு எட்டிலும் சில நூல்களைக் கிள்ளுகிறது. அது மெதுவான தேய்மானம், அதோடு வாழலாம். ஆபத்து அதில் இல்லை. ஏறுபிடிக்கு மேலே கயிறு தொய்ந்திருக்க, ஆள் சறுக்கி விழுந்து அதன்மேல் தொங்கினால், பற்கள் உறையை வட்டமாகக் கிழித்துவிடும். கயிற்றின் தடிமனைப் பொறுத்து ஏறத்தாழ 4 முதல் 6.5 கிலோநியூட்டன் விசையிலேயே இது நடக்கும். எடையாகச் சொன்னால் 400 முதல் 650 கிலோ. "ஆள் எடை 70 கிலோதானே" என்று பயிற்சியில் யாராவது கேட்பார்கள். இ.என். 1891 என்ற ஐரோப்பியத் தரத்து ஏ வகைக் கயிற்றைச் சோதிக்கும்போது, 2 மீட்டர் கயிற்றில் 100 கிலோவை 60 செ.மீ. விழவிட்டு, விசை 6 கிலோநியூட்டனுக்குக் கீழே இருந்தால் தேறியது என்பார்கள். அதாவது நல்ல கயிறு என்று முத்திரை வாங்கிய கயிற்றிலேயே, ஒரு முழத்துக்குச் சற்றுக் கூடுதலான தொய்வு, உறை கிழியும் எல்லையைத் தொட்டுவிடலாம். மரத்தின் உச்சியில், கட்டுக்கு, அதாவது கயிற்றை மேலே கட்டிய இடத்துக்கு, இரண்டு மீட்டருக்கும் குறைவான தூரத்தில் நிற்கும்போது இது இன்னும் மோசம், ஏனென்றால் நீண்டு அதிர்ச்சியைத் தாங்கக் கயிறே மேலே குறைவு. ஆகவே பல் ஏறுபிடி ஏறுவதற்கு மட்டும். விழுந்தால் பிடிக்கும் காவல் கருவியாக அதைக் கொடுக்காதீர்கள். ஏறுபிடி எப்போதும் இடுப்புக்கு மேலேயே, கயிறு விறைப்பாக இருக்கட்டும். பயிற்சியில் இதை வாயால் சொல்லி விட்டுவிடாமல், தொய்வு வைத்து நிற்பவரைக் கீழே இறக்கிவிட்டுத் திரும்ப ஏறச் சொல்லுங்கள்.

அடுத்தது சூடு. 80 கிலோ ஆள் 20 மீட்டர் உயரத் தென்னையிலிருந்து டிசெண்டரில் இறங்கினால் ஏறத்தாழ 15,700 ஜூல் ஆற்றல் உராய்வில் சூடாக மாற வேண்டும். வேறு எங்கும் அது போகாது. அதில் பாதி 300 கிராம் அலுமினியக் கருவிக்குள் போனாலே அதன் சூடு 29 டிகிரி ஏறும். இது கருவி முழுக்கப் பரவிய சராசரி. கயிறு உரசும் மேற்பரப்பில் அந்த நேரத்துச் சூடு இதைவிடப் பல மடங்கு. சித்திரை வெய்யிலில் ஏற்கெனவே கை வைக்க முடியாமல் கிடந்த கருவி, மூச்சு விடாமல் அடுத்தடுத்த மரம் என்று சேர்த்துப் பாருங்கள். நைலான் 6 உருகுவது 220 டிகிரி பக்கம், பாலியெஸ்டர் 260 பக்கம். இளகுவதும் பலம் குறைவதும் அதற்கு வெகு முன்னாலேயே தொடங்கிவிடும்.

வேகமாக இறங்கும்போது கயிறு ஓடிக்கொண்டே இருப்பதால் எந்த இடமும் சூட்டில் நிற்பதில்லை. சடாரென்று நிறுத்தினால்தான் கெடுதல்: சுட்ட உலோகம் ஒரே இடத்தில் அழுந்தி நிற்கும். மேல் நூல்கள் இளகி ஒன்றோடொன்று ஒட்டி, ஆறியதும் ஓடு மாதிரி ஆகிவிடும். அந்த ஓடு அடுத்த தடவை வளையும்போது வெடிக்கும். வழுவழுப்பான இடத்தில் கருவி சறுக்கும், ஆள் பிடியை இன்னும் இறுக்குவார், சூடு இன்னும் ஏறும். ஒன்று இன்னொன்றை வளர்த்துக்கொண்டே போகும். நாங்கள் வைத்திருக்கும் அளவு நொடிக்கு அரை மீட்டர்: 20 மீட்டர் மரத்துக்கு 40 நொடி. தரையில் கால் வைத்ததும் அப்படியே நின்று பேசாமல், உடனே ஒரு மீட்டர் கயிற்றைக் கருவிக்குள் இழுத்துத் தளர்த்திவிட வேண்டும். இந்த ஒரு பழக்கம் கயிற்றின் ஆயுளை எவ்வளவு நீட்டும் என்பது, செய்து பார்க்கிறவர்களுக்குத்தான் தெரியும்.

கருவியின் மேல் அச்சடித்திருக்கும் கயிற்று அளவையும் பாருங்கள். 11.5 முதல் 13 மில்லிமீட்டர் என்று போட்ட கருவியில் 10 போட்டால் வழுக்கும். 14 போட்டால் நுழையும்போதே சிராய்த்துக்கொண்டு போகும். பழகப் பழகக் கயிறு சுருங்கித் தடிக்கவும் செய்யும், ஆகவே வாங்கும்போது இருந்த அளவை நம்பாமல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வெர்னியர் வைத்து அளக்க வேண்டும். மேலே மாட்டித் திருப்பிய இரட்டைக் கயிற்றில் ஓடச் செய்த கருவியை ஒற்றைக் கயிற்றில் போடுவது இன்னொரு தப்பு. இரட்டையில் கருவிக்கு வருவது பாதி எடை. ஒற்றையில் முழு எடையும் அதே சின்ன வளைவுகளில் விழும். அதற்கென்று கூடுதல் உராய்வுத் துண்டு தனியாக விற்கிறார்கள். அது இல்லாமல் இறங்கினால் கயிறு ஒரே நாளில் மினுங்கத் தொடங்கும்.

இனி நம் ஊர் அழுக்கு. 2016ல் இந்தியாவிலேயே முதலில் பொள்ளாச்சிப் பக்கம் கண்டறியப்பட்ட ரூகோஸ் சுருள் வெள்ளை ஈ, கயிற்றுக்கும் எதிரி என்று யாரும் எழுதிப் பார்த்ததில்லை. அது சுரக்கும் தேன்போன்ற பிசுபிசுப்பு மட்டையிலிருந்து தண்டு, கயிறு என்று எல்லாவற்றின் மேலும் இறங்குகிறது. அதன்மேல் கரும்பூஞ்சணம் படர்கிறது. இந்தப் பிசினில் பன்னாடைத் தூளும் செம்மண்ணும் ஒட்டிக்கொண்டால் கயிறு உப்புத்தாள் ஆகிவிடுகிறது. உள்ளே போன மணல் துகள் கயிறு வளையும் ஒவ்வொரு தடவையும் நூலை அறுக்கிறது. வெளியே இருப்பது அலுமினியத்தை அரைக்கிறது. இறங்கி முடித்ததும் கை கறுத்திருந்தால் அது பூஞ்சணம் மட்டும் இல்லை, கருவியின் அலுமினியப் பொடியும்தான். அரைபட்ட இடத்தில் பள்ளம் விழும், பள்ளத்தின் ஓரம் கத்தியாகும், பிறகு அது கயிற்றை வெட்டும். வாரம் ஒருமுறை கயிறு ஓடும் பாதை முழுக்க நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் தடுக்கினால் அந்த ஓரம் கயிற்றுக்கும் தடுக்கும். பள்ளம் ஒரு மில்லிமீட்டரைத் தாண்டினால் அந்தப் பாகம் ஓய்வு பெறட்டும். அரம் வைத்து ராவி ஓட்டலாம் என்று பட்டறைக்காரர் சொன்னால், பெரிய கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

இதில் ஒரு சின்ன விஷயம் பெரிய சேதம் செய்கிறது. கம்பிவடத்தில் மாட்டிய கராபினர் கொக்கியையே அடுத்த நாள் கயிற்றில் மாட்டுகிறார்கள். இரும்பு வடம் அலுமினிய கராபினரில் கீறிய பிசிறு, துணிக் கயிற்றை ஒரே இழுப்பில் நூல் நூலாகப் பிரித்துவிடும். வடத்துக்கு ஒரு நிறம், கயிற்றுக்கு ஒரு நிறம் என்று டேப் ஒட்டிப் பிரித்துவிட்டாலே போதும். ஐந்து ரூபாய் வேலை.

கயிறு மாற்ற வேண்டிய நேரத்தில் ஆட்கள் ஹார்டுவேர் கடைக்குத்தான் போவார்கள், அங்கே "நைலான் கயிறு" என்று கேட்டால் பல நேரம் கிடைப்பது பாலிபுரோப்பிலீன். கிணற்றில் வாளி இறக்கவும் மாட்டைக் கட்டவும் நல்ல கயிறு; கருவிக்குள் விட்டால் எமன். அது 165 டிகிரி பக்கமே உருகும், மஞ்சள் பாலியெத்திலீன் கயிறு 130 பக்கம். வெய்யிலும் அவற்றைச் சீக்கிரம் தின்றுவிடும். சந்தேகம் வந்தால் விரல் நீளத் துண்டை வெட்டி, உள்ளே இருக்கும் காற்றைப் பிழிந்து, ஒரு வாளித் தண்ணீரில் போடுங்கள். மிதந்தால் பாலிபுரோப்பிலீனோ பாலியெத்திலீனோதான். நைலானும் பாலியெஸ்டரும் மூழ்கும். மூழ்கியதாலேயே அது மரமேறும் கயிறு ஆகிவிடாது. தயாரிப்பாளரின் பெயரும் தரமும் எழுதிய நாடா கயிற்றுக்குள் ஓடுகிறதா என்று நுனியில் பிரித்துப் பார்க்க வேண்டும். ஆனால் மிதந்ததை அன்றைக்கே கட்டுத்தறிக்கு அனுப்பிவிடலாம்.

புதுக் கயிறு வந்ததும் அப்படியே கருவியில் மாட்டக் கூடாது. கயிறு இரண்டு அடுக்கு: வெளியே பின்னிய உறை, உள்ளே கரு. கருவி உறையை மட்டும் பிடித்து இழுப்பதால், இறங்க இறங்க உறை கருவின்மேல் வழுக்கிக் கீழ்ப்பக்கமாக நகரும். சில வாரத்தில் கீழ் நுனியில் கரு இல்லாத வெற்று உறை, பாம்புச் சட்டை மாதிரி, ஒரு முழத்துக்குத் தொங்கும். நடுவில் எங்காவது குவிந்தால் அந்தப் புடைப்பு கருவிக்குள் சிக்கும், ஆள் பாதி மரத்தில் நிற்பார். முதல் நாள் கயிற்றை நல்ல தண்ணீரில் ஒரு ராத்திரி ஊறப்போட்டு, நிழலில் காயவைத்து, மேலிருந்து கீழாகக் கையால் நாலைந்து தடவை இறுக்கி உருவி, நுனியில் சேர்ந்த வெற்று உறையை வெட்டி உருக்கிவிட்டால் இதில் பெரும்பகுதி தீர்ந்துவிடும். ஆலையில் போட்ட வழவழப்பும் கொஞ்சம் போகும். புதுக் கயிற்றில் கருவி "ஓடிப்போகுது" என்ற புகாரும் குறையும்.

உறை எவ்வளவு தேய்ந்தால் கயிற்றைத் தள்ளலாம் என்பது கயிற்றின் பின்னலைப் பொறுத்தது. இதைப் பயிற்சியில் சொல்லித் தருவதே இல்லை. 16 இழை உறை போட்ட மரமேறும் கயிற்றில் பலத்தின் பெரும்பங்கு உறையிலேயே இருக்கிறது. உள்ளே இருப்பது கயிற்றை உருண்டையாக வைத்திருக்கத்தான். அதில் உறை தேய்ந்தால் பலமே தேய்ந்தது. 24, 48 இழை மெல்லிய உறைக் கயிற்றில் கருவும் சுமக்கும். ஆனால் உறை மெல்லியது, சீக்கிரம் கிழியும். ஆகவே எந்த வகை வாங்கினீர்கள் என்று அட்டையில் எழுதிக் கொடுங்கள்.

சோதனை செய்யும் முறையும் பெரிய வித்தை இல்லை, பொறுமைதான். நிழலில் உட்கார்ந்து, கையுறையைக் கழற்றிவிட்டு, கயிற்றை ஒரு நுனியிலிருந்து சாண் சாணாக விரல்களுக்கு நடுவில் ஓட்ட வேண்டும். ஒவ்வொரு முழத்துக்கும் ஒருமுறை இரண்டு கையால் வளைத்துப் பாருங்கள். நல்ல கயிறு வளையல் மாதிரி ஒரே சீராக வளையும். கரு அடிபட்ட இடம் முழங்கை மாதிரி மடியும். அங்கே கயிறு முடிந்தது. மெத்தென்று அமுங்கும் இடம், தட்டையான இடம், இடுப்பு சிறுத்த இடம், கல் மாதிரி விறைத்த இடம், உள்ளே இருக்கும் வெள்ளைக் கரு தெரியும் இடம், இவற்றில் எது வந்தாலும் பேச்சுக்கு இடமில்லை. உறையில் பக்கத்துப் பக்கத்து இழைகள் இரண்டு அறுந்திருந்தாலும், ஓரிடத்தில் உறை நூலில் கால்வாசி பஞ்சாகிப் போயிருந்தாலும் நாங்கள் தள்ளிவிடுகிறோம். 45 மீட்டர் கயிற்றுக்கு இருபது நிமிடம் ஆகும். கட்டுக்குக் கீழே முதல் இரண்டு மீட்டருக்கு மட்டும் ஐந்து நிமிடம் கொடுங்கள்: ஆள் கொண்டையில் நின்று வேலை செய்யும்போது கருவி நிற்பது அங்கேதான், இடுப்புக் கயிற்றின் அந்தச் சாண் மாதிரியே.

ஆயுளை மாதத்தில் சொல்லாதீர்கள், ஏற்றத்தில் சொல்லுங்கள். சில தயாரிப்பாளர்கள் துணிப் பொருளுக்கு 10 ஆண்டு என்று உச்ச வரம்பு போடுவது, அதற்கு மேல் பெட்டியில் கிடந்தாலும் வேண்டாம் என்பதற்காக. தினமும் உழைக்கும் கயிறு சில மாதத்திலேயே போகலாம். காய் வெட்டுகிறவர் ஒரு மரத்தில் ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறை ஏறுவார். 2017ல் தமிழக அரசு, தென்னம்பாளையிலிருந்து இறக்கும் புளிக்காத நீராவுக்கு அனுமதி தந்த பிறகு நீரா இறக்குகிறவர் ஒரே மரத்தில் நாளுக்கு இரண்டு மூன்று தடவை ஏறி இறங்குகிறார். இருவருக்கும் "வருடம் ஒரு கயிறு" என்று ஒரே அளவு வைத்தால் ஒருவருக்கு வீண், இன்னொருவருக்கு ஆபத்து.

கம்பிவட ஏறுகருவியையும் விட்டுவிட முடியாது. கண்ணூர் மாவட்டத்துச் செம்பேரியில் பிறந்த வகைதான் நம் தோப்புகளில் அதிகம். அதில் வடத்தின் மேல் ரப்பர் குழாய் போர்த்தியிருக்கும். குழாய் மரத்தைப் பிடிக்கும், வடத்தையும் மறைக்கும். மரத்தைச் சுற்றி வளைந்து நிமிர்ந்து கம்பிகள் ஒவ்வொன்றாக முறிவது குழாய் முடியும் இடத்திலும், வடம் இரும்புப் பட்டைக்குள் நுழையும் இடத்திலும்தான். மழையில் குழாய்க்குள் போன தண்ணீர் வெளியே வராமல் அங்கேயே துருவாக்கும். மாதம் ஒருமுறை குழாயை நகர்த்தி, ஒரு பிடி பஞ்சை வடத்தின்மேல் இழுங்கள். முறிந்த கம்பி இருந்தால் பஞ்சைப் பிடித்துக்கொள்ளும். நுழைவாயில் பக்கம் ஒரு கம்பி முறிந்திருந்தாலே நாங்கள் வடத்தை மாற்றிவிடுகிறோம், ஏனென்றால் அடுத்தது எங்கே முறியும் என்பது அதிலேயே தெரிந்துவிட்டது. மாற்றும்போது வெல்டிங் வைக்கக் கூடாது. சூடு பட்ட கம்பியின் பலம் போய்விடும், பக்கத்திலேயே முறியும். வடத்தின் நுனியை மடித்து இறுக்க யு கிளிப் போட்டால் மூன்று போடுங்கள். கிளிப்பின் அடிக்கட்டை எடை தாங்கும் பக்கமும், வளைவுக் கம்பி வெட்டு நுனிப் பக்கமும் இருக்க வேண்டும். இதை மாற்றிப் போட்ட கருவிகளை இன்றைக்கும் எந்தத் தோப்பிலும் பார்க்கலாம்.

கழுவுவது சுலபம். அண்டாவில் தண்ணீர், கொஞ்சம் மென்மையான சோப்பு, ஊறவைத்து அலசி, நிழலில் கொடி கட்டிக் காயவைப்பது. சலவை சோடா, பிளீச்சிங் பவுடர் ஆகாது. போர்வெல் உப்புத் தண்ணீரில் அலசினால் காய்ந்த பிறகு வெள்ளைப் பொடி நூலுக்குள்ளேயே தங்கும். சிறுவாணித் தண்ணீர் வரும் வீடு என்றால் கயிற்றுக்கும் யோகம்தான், இல்லாவிட்டால் மழைத்தண்ணீர் பிடித்து வையுங்கள். தகரக் கூரைக்கடியில் அட்டாலியில் போட வேண்டாம். வண்டியில் பேட்டரிக்குப் பக்கத்திலும் வேண்டாம்: அமில ஆவி நைலானைத் தின்றுவிடும், வெளியே ஒரு தடயமும் தெரியாது. மருந்தடிக்கும் பம்ப், போர்டோ கலவை வாளி, செயின்சா எண்ணெய் இருக்கும் மூலையும் அப்படித்தான்.

உங்களிடம் நாங்கள் கேட்பது இவ்வளவுதான். கயிற்றுக்குத் தனி எண்ணும் தனி அட்டையும் போடுங்கள். அட்டையில் வாங்கிய தேதி, முதலில் பயன்படுத்திய தேதி, பின்னல் வகை, தடிமன், எந்த எண் கருவியோடு போகிறது, ஒவ்வொரு தடவையும் எத்தனை மரம், திரும்பி வந்தபோது சோதித்தது யார் என்று இருக்கட்டும். எண்ணைக் கயிற்றின்மேல் மார்க்கரால் எழுதாமல், நுனியில் மாட்டும் உறைக்குழாயில் எழுதுங்கள். ஒரு கருவிக்கு ஒரு கயிறு என்று சோடி சேர்த்துக் கொடுங்கள். கருவி எண் 7ன் பள்ளம் கயிறு எண் 7ல்தான் தெரியும், கலந்து கொடுத்தால் எதனால் எது கெட்டது என்று கடைசிவரை தெரியாது. கருவி வாங்கத் திட்டம் எழுதும்போதே மாற்றுக் கயிற்றையும் மாற்றுக் கேமையும் பட்டியலில் சேர்த்துவிடுங்கள். பின்னால் கேட்டால் "அது செலவுக் கணக்கு" என்று கோப்பு திரும்பி வரும். தள்ளிய கயிற்றை அன்றைக்கே ஒரு மீட்டர் துண்டுகளாக வெட்டிவிடுங்கள். முழுதாக விட்டால் அது மறுபடி யாருடைய இடுப்புக்காவது போய்ச் சேரும். பழைய கயிறு நம் ஊரில் வீணாவதில்லை என்பது உங்களுக்கும் தெரியும்.

பயிற்சியில் கயிற்றுக்கு அரை நாள் வேண்டும். படம் காட்டுவதைவிடக் கையில் கொடுப்பது மேல். பல் கிள்ளிய துண்டு, மினுங்கிய துண்டு, உறை குவிந்த துண்டு, கரு உடைந்தும் வெளியே நன்றாகத் தெரியும் துண்டு, ஒரு புதுத் துண்டு, இந்த ஐந்தையும் சாக்குப்பைக்குள் போட்டு, கண்ணால் பார்க்காமல் கையை விட்டுத் தடவி எது எது என்று சொல்லச் சொல்லுங்கள். கரு உடைந்த துண்டில்தான் முதல் தடவை பெரும்பாலும் தவறு வரும். எங்களிடம் இப்படிப்பட்ட துண்டுகள் நிறையச் சேர்ந்திருக்கின்றன. அடுத்த பயிற்சிக்கு நாள் குறித்ததும் சொல்லியனுப்புங்க. ஒரு சாக்கு கட்டிக் கொடுத்தனுப்புகிறோம்.

இப்படிக்கு,
கயிறும் கருவியும் கொண்டு மரமேறும் சிலர்,
பொள்ளாச்சி – உடுமலை வட்டாரம்